கையைப் பார்த்துப் போட வேண்டிய மதிப்பெண்

(அறக்கட்டளையின் கல்வி உதவித்தொகை வழங்கும் நிகழ்ச்சியில், பிசியோதெரபி பயிலும் மாணவ மாணவியரும் பெற்றோரும் கூடியிருந்த அவையில் செயலாளர் ஆற்றிய உரை)





ஒவ்வோர் ஆண்டும் உதவித்தொகைக்குப் பெயர் அழைக்கும்போது கூடவே மதிப்பெண்ணையும் வாசிப்பது நம் வழக்கம். இத்தனை சதவீதம் என்றதும் கைதட்டல் எழும். இந்த ஆண்டு பெயரை மட்டும் வாசித்தோம். "மார்க்கை ஏன் சொல்லவில்லை?" என்று முன்வரிசையிலிருந்து ஒரு வாப்பா கேட்டேவிட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்வதே இன்றைய பேச்சு.

சென்ற ஆண்டு நாம் நடத்திய மூட்டுவலி முகாம் பலருக்கும் நினைவிருக்கும். அன்று நடந்த ஒன்றை இதுவரை பொதுவில் சொன்னதில்லை. சம்பந்தப்பட்ட குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று இப்போது சொல்கிறோம். எழுபது வயதைக் கடந்த ஒரு மூதாட்டி கணுக்கால் வலி என்று வந்தார்கள். நெடுநாள் சர்க்கரை நோயாளி. பயிற்சி மாணவி ஒருவர் அவர்களுக்கு ஹாட் பேக் வைத்தார். இந்தப் பைக்குள் களிமண் போன்ற பொருள் நிரப்பியிருக்கும். 70 டிகிரி செல்சியசுக்கும் மேலான வெந்நீரில் ஊறிக்கொண்டிருக்கும். எடுத்து ஆறிலிருந்து எட்டு மடிப்புத் துவாலை சுற்றி, வலிக்கும் இடத்தில் வைப்பார்கள். இருபது நிமிடம் கழித்து எடுத்தபோது மூதாட்டி எதுவும் சொல்லவில்லை. நன்றாக இருக்கிறது என்று துஆ செய்துவிட்டுப் போனார்கள். இரவு பார்த்தால் கணுக்காலைச் சுற்றிக் கொப்புளம். நாற்பது நாளுக்கு மேல் டிரெஸ்ஸிங் செய்ய வேண்டியதாயிற்று.

அவர்களுக்குக் காலில் சூடு தெரியாது. சர்க்கரை நோய் பாதத்தின் நரம்புகளை மரத்துப்போகச் செய்திருந்தது. சூடு வைப்பதற்கு முன் செய்ய வேண்டிய ஒரு சின்னப் பரிசோதனை உண்டு. இரண்டு சோதனைக் குழாய்கள், ஒன்றில் வெதுவெதுப்பான நீர், மற்றதில் குளிர்ந்த நீர். நோயாளியைக் கண்ணை மூடச் சொல்லி, மாற்றி மாற்றித் தொட்டு, "இது சூடா, குளிர்ச்சியா?" என்று கேட்க வேண்டும். இரண்டு நிமிட வேலை. பிறகு பேக் வைத்த ஐந்தாவது நிமிடத்தில் துவாலையை விலக்கித் தோலைப் பார்க்க வேண்டும். இரண்டுமே அன்று நடக்கவில்லை.

குற்றத்தை அந்தப் பிள்ளையின் தலையில் கட்டிவிட்டு நாங்கள் ஒதுங்கிக்கொள்ள முடியாது. நூற்றுக்கு மேல் நோயாளிகள். மேற்பார்வைக்கு ஒரே ஒரு பிசியோதெரபிஸ்ட். ஏற்பாடு செய்தது நாங்கள். அந்த வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். சிகிச்சைச் செலவை அறக்கட்டளை ஏற்றுக்கொண்டது.

மறுநாள் அந்த மாணவி அலுவலகத்துக்கு அழுதுகொண்டே வந்தார். "ஹாட் பேக் யாருக்கெல்லாம் வைக்கக் கூடாது என்று படித்திருக்கிறாயா, அம்மா?" என்று கேட்டோம். அழுகையின் நடுவிலேயே வரிசையாக ஒப்பித்தார்: உணர்ச்சி குறைந்த தோல், இரத்த ஓட்டம் குறைந்த இடம், திறந்த புண், புதிதாக ஏற்பட்ட வீக்கம் என்று போயிற்று பட்டியல். முதலில் சொன்னதே உணர்ச்சி குறைந்த தோல்தான்! அந்தப் பாடத்தில் அவர் வாங்கியிருந்த மதிப்பெண் நூற்றுக்கு 78. அதே மேடையில், இதே ஒலிபெருக்கியில் அந்த 78ஐ வாசித்துக் கைதட்டியவர்கள் நாம்தான்.

அன்றிலிருந்து எங்களை ஒரு கேள்வி விடவில்லை. தேர்ச்சிக்கு ஐம்பது போதும் என்கிறோம். விடுபட்ட ஐம்பதில் என்ன இருந்தது என்று யாராவது பார்க்கிறோமா? 78 வாங்கியவரிடம் இல்லாமல்போன 22இல் ஒரு மூதாட்டியின் கால் இருந்தது.

இதைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினோம். பிசியோதெரபி ஆசிரியர்கள் சிலரிடம் பேசினோம். மருத்துவக் கல்வியில் இது பழைய கவலை என்று தெரிந்தது. ஜார்ஜ் மில்லர் என்ற அமெரிக்க மருத்துவக் கல்வியாளர் 1990இல் இதை நான்கு படியாகப் பிரித்துக் காட்டினார். முதல் படி, தெரியும். இரண்டாவது, எப்படிச் செய்வது என்று தெரியும். மூன்றாவது, செய்து காட்டுவார். நான்காவது, யாரும் தேர்வு வைக்காத அன்றாட வேலையிலும் அப்படியே செய்கிறார். எழுத்துத் தேர்வு முதல் இரண்டு படியோடு நின்றுவிடுகிறது. நம் மாணவி இரண்டாம் படியில் உறுதியாக நின்றார். மேலே ஏற்றி யாரும் பார்க்கவில்லை.

மதரஸாவில் ஓதியவர்களுக்கு இது புதிதல்ல. ஹிஃப்ழ் மாணவனை எந்த உஸ்தாதும் மனப்பாடம் செய்ததை எழுதிக் காட்டச் சொல்வதில்லை. எதிரே உட்கார வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். எந்த எழுத்து தொண்டையிலிருந்து வர வேண்டும், எது நாக்கின் ஓரத்திலிருந்து வர வேண்டும் என்று தாளில் சரியாக எழுதுகிற பையன், ஓதும்போது தடுமாறுவான். அதற்கு எத்தனை அடி வாங்கியிருக்கிறோம் என்பதை இங்கே சொல்ல வேண்டாம். நம்மோடு ஓதியவர்கள் இருவர் முன்னால் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

வரலாற்றிலும் ஒரு செய்தி உண்டு. ஹிஜ்ரி 319, அதாவது கி.பி. 931. பக்தாதில் ஒரு வைத்தியர் செய்த தவறால் ஒருவர் இறந்துபோனார். செய்தி கலீஃபா அல்-முக்ததிருக்குப் போயிற்று. ஸினான் இப்னு ஸாபித் என்ற தலைமை மருத்துவர் சோதித்து அனுமதி கொடுத்தால் ஒழிய யாரும் வைத்தியம் பார்க்கக் கூடாது என்று உத்தரவு பிறந்தது. 860க்கும் மேற்பட்டவர்கள் சோதனைக்கு வந்தார்கள் என்று பழைய வரலாற்று நூல்கள் குறிக்கின்றன. அவர்களில் ஒரு பெரியவர், நல்ல உடை, கம்பீரமான தோற்றம். தனிமையில் ஸினானிடம் ஒரு பொற்காசு முடிப்பை வைத்து, "எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, இதை வைத்துத்தான் குடும்பம் நடக்கிறது, பிழைப்பைக் கெடுத்துவிடாதீர்கள்" என்று உண்மையைச் சொல்லிவிட்டார். ஸினான் ஒரு நிபந்தனை போட்டார். தெரியாததைக் கொடுக்கக் கூடாது. எளிய நோய்களுக்குத் தவிர இரத்தம் எடுப்பது, பேதிக்குக் கொடுப்பது கூடாது. பெரியவர் சொன்னார்: என் வழக்கமே அதுதான், சர்பத்தைத் தாண்டி நான் போனதில்லை. மறுநாள் ஓர் இளைஞர் வந்தார். யாரிடம் படித்தீர் என்று கேட்டால் அந்தப் பெரியவரின் பெயரைச் சொன்னார். ஸினான் சிரித்துக்கொண்டே அதே நிபந்தனையை அவருக்கும் விதித்து அனுப்பினாராம்.

பொற்காசு முடிப்பைப் பற்றி ஒவ்வொருவரும் ஒவ்வொன்று நினைத்துக்கொள்ளலாம். எங்களுக்குப் பிடித்தது அந்த நிபந்தனை. தன் எல்லை எதுவென்று ஒருவருக்குத் தெரிகிறதா என்பதையும் சோதிக்க வேண்டும் என்பது ஆயிரம் ஆண்டுக்கு முன்பே ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது.

இப்போது நம் கல்லூரிகளுக்கு வருவோம். பிராக்டிகல் தேர்வு இல்லாமல் இல்லை. பழைய முறை எப்படி என்று பிள்ளைகளுக்குத் தெரியும். ஒரு நோயாளியைக் கொடுப்பார்கள். மாணவர் விவரம் கேட்டு, பரிசோதித்து, எழுதி வைப்பார். பிறகு உள் தேர்வாளரும் வெளித் தேர்வாளரும் வந்து வைவா கேட்பார்கள். கேட்பது பெரும்பாலும் மாணவர் எழுதியதைப் பற்றி. நோயாளியைத் தொட்டபோது தேர்வாளர் பக்கத்தில் இருந்தாரா என்றால், பல இடங்களில் இல்லை. ஒருவருக்குத் தோள்பட்டை இறுக்கம், சுலபம். அடுத்தவருக்குப் பேச்சும் இழந்த பக்கவாத நோயாளி. அதிர்ஷ்டம் மதிப்பெண் போடுகிறது. வார்டில் யார் யார் 'கேஸ்' ஆக வருவார்கள் என்பது முந்தின நாளே விடுதிக்குத் தெரிந்துவிடும் என்றும் கேள்விப்படுகிறோம். பிள்ளைகள் தலையைக் குனிகிறார்கள். சரி, மேலே போவோம்.

இதற்கு மாற்றாக, ஸ்காட்லாந்தின் டண்டீயில் பணியாற்றிய ரொனால்ட் ஹார்டன் என்பவரும் அவருடைய சகாக்களும் 1975இல் ஒரு முறையை வெளியிட்டார்கள். ஓ.எஸ்.சி.இ. என்று பெயர், மாணவர்கள் ஆஸ்கி என்பார்கள். ஒரு கூடத்தில் வரிசையாகப் பல நிலையங்கள். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு வேலை, சுமார் ஐந்து நிமிடம். மணி அடித்ததும் அடுத்த நிலையத்துக்கு நகர வேண்டும். எல்லா மாணவருக்கும் அதே வேலைகள், அதே நேரம். தேர்வாளர் குறிப்பட்டியலோடு பக்கத்திலேயே நின்று பார்ப்பார்.

பிசியோதெரபியில் இது எப்படி இருக்கும்? ஒரு நிலையத்தில் முழங்கால் எத்தனை டிகிரி மடங்குகிறது என்று கோனியோமீட்டர் வைத்து அளக்க வேண்டும். தேர்வாளர் முன்பே அளந்து வைத்திருப்பார். மாணவரின் அளவு ஐந்து டிகிரிக்குள் ஒத்துவருகிறதா என்று பார்ப்பார். இன்னொன்றில் தொடைத் தசையின் பலத்தைப் பூஜ்யம் முதல் ஐந்து வரை தரம் பிரிக்க வேண்டும். புவியீர்ப்பை எதிர்த்துத் தூக்க முடிந்தால்தான் மூன்று. மூன்றா இரண்டா என்பதில்தான் நோயாளியை எழுப்பி நிற்க வைக்கலாமா என்ற முடிவே தொங்குகிறது. வேறொன்றில் பக்கவாதம் வந்தவரைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்ற வேண்டும். செயலிழந்த கையைப் பிடித்து இழுத்தால், தளர்ந்திருக்கும் தோள் மூட்டு விலகி, மாதக்கணக்கில் வலிக்கும். புத்தகத்தில் இது ஒரு வரி. கட்டிலின் பக்கத்தில் நிற்கும்போது, விழப்போகிறாரே என்ற பதற்றத்தில் கை தானாக அந்தக் கையைத்தான் பற்றும். பயிற்சி கொடுத்துப் பழக்காத கைக்கு அதுதான் இயல்பு.

இந்த நிலையங்களில் நோயாளியாக நடிப்பதற்கே ஆட்களைப் பயிற்றுவிக்கிறார்கள். ஹோவர்ட் பாரோஸ் என்ற அமெரிக்க நரம்பியல் மருத்துவர் 1963இல் தொடங்கி வைத்தது இது. நடிப்பவருக்கு ஒரு கதை கொடுத்திருப்பார்கள்: இடுப்பு வலி, காலுக்கு இறங்குகிறது. கூடவே ஒரு ரகசியம்: இரண்டு நாளாகச் சிறுநீர் சரியாகப் போகவில்லை, உட்காரும் இடம் மரத்திருக்கிறது. கேட்டால் மட்டும் சொல்ல வேண்டும், கேட்காவிட்டால் வாய் திறக்கக் கூடாது. கேட்கிற மாணவர் உடனே மருத்துவரிடம் அனுப்புவார். நரம்புக் கொத்து நசுங்கியிருந்தால் அவசர அறுவை சிகிச்சை வேண்டும், நேரம் தவறினால் சிறுநீர் கட்டுப்பாடு திரும்பாமலே போகலாம். கேட்காத மாணவர் அழகாக உடற்பயிற்சி சொல்லிக் கொடுப்பார். இரண்டு பேருக்கும் விடைத்தாளில் ஒரே மதிப்பெண் வந்திருக்கும்.

கேட்பது என்றதும் இன்னொன்று. பாடம் ஆங்கிலத்தில், தேர்வு ஆங்கிலத்தில். நோயாளியோ "மதமதங்குது", "விண்ணு விண்ணுன்னு தெறிக்குது", "சுருக்குன்னு இழுக்குது", "கடுக்குது", "எரியுது" என்று சொல்வார். ஒவ்வொன்றும் ஒவ்வொரு கோளாறைக் காட்டும் சொல். மதமதப்பு வேறு, மரத்துப்போவது வேறு. "சென்சேஷன் நார்மலா இருக்கா பாட்டி?" என்று கேட்டால் பாட்டி "இருக்கு கண்ணு" என்றுதான் சொல்வார். அன்று முகாமில் அப்படித்தான் ஏதோ கேட்கப்பட்டிருக்க வேண்டும் என்று எங்களுக்கு இன்றும் ஒரு சந்தேகம். நோயாளியின் சொல்லில் கேட்கத் தெரிகிறதா என்பதற்கும் ஒரு நிலையம் வைக்கலாம். செலவே இல்லாத நிலையம்.

தொடுவதற்கு முன் அனுமதி கேட்டாரா, பரிசோதிக்கும் இடத்தைத் தவிர மற்ற இடங்களைப் போர்த்தி வைத்தாரா என்பதற்கும் குறிப்பட்டியலில் மதிப்பெண் உண்டு. நம் பெண்கள் பலர் பாதியிலேயே சிகிச்சையை விட்டுவிடுவதற்குக் காரணம் வலி தீர்ந்தது என்று எண்ண வேண்டாம். விசாரித்துப் பாருங்கள், தெரியும்.

ஆஸ்கி குறையில்லாதது என்று சொல்ல வரவில்லை. குறிப்பட்டியலையே மனப்பாடம் செய்துவிடுகிற கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். "கையைக் கழுவுகிறேன் சார்" என்று வாயால் கழுவிவிட்டு வேலையைத் தொடங்குவார்கள். அதனால்தான் தனித்தனிக் குறிகளோடு, மொத்தமாகப் பார்த்து அனுபவமுள்ள தேர்வாளர் போடும் மதிப்பீடும் வேண்டும் என்கிறார்கள். தேர்வாளர்களிலும் பருந்து உண்டு, புறா உண்டு என்பது அந்தத் துறையில் வழங்கும் பேச்சு. பருந்து கொத்தும், புறா எல்லாரையும் தடவிக்கொடுத்து அனுப்பிவிடும். ஒரே தேர்வாளரின் கையில் ஒரு மாணவரின் முடிவு முழுவதும் இருக்கக் கூடாது என்பதற்கு இதுவே காரணம். பல நிலையம் என்றால் பல கண். ஒரு முழங்காலை நன்றாகப் பார்த்தவர் நெஞ்சுச் சளியையும் நன்றாக வெளியேற்றுவார் என்று நினைக்க இடமில்லை. ஒன்றில் உள்ள திறமை மற்றதற்கு ஜாமீன் கொடுக்காது.

எல்லாவற்றையும் விட, ஆஸ்கி மூன்றாம் படிதான். செய்து காட்டினார், அவ்வளவே. நான்காம் படியைப் பார்க்க வேண்டுமானால் வார்டுக்குத்தான் போக வேண்டும். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் பிசியோதெரபி மாணவர்களை மருத்துவமனைப் பயிற்சியின்போதே மதிப்பிட ஒரு பொதுப் படிவம் வைத்திருக்கிறார்கள். 20 அம்சங்கள், ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து நான்கு. புதிதாகத் தொழிலுக்கு வருகிற ஒருவரிடம் எதிர்பார்க்கும் போதுமான தரம் இருந்தால் இரண்டு. நடத்தை, நோயாளியோடு பேசுவது, பரிசோதனை, திட்டம், சிகிச்சை, ஆபத்தைத் தவிர்ப்பது எல்லாம் அதில் அடங்கும். பயிற்சியின் பாதியிலேயே ஒருமுறை உட்கார வைத்து, எங்கே நிற்கிறாய் என்று காட்டிவிடுகிறார்கள், கடைசியில் மறுபடியும். பாதியில் சொல்வது முக்கியம். தேர்வு முடிந்த பிறகு தெரிவதால் மாணவருக்கு என்ன பயன்? நம் பிள்ளைகளின் லாக் புக்கில் கையெழுத்து எல்லாம் ஒரே நாளில், ஒரே பேனாவில் இருப்பதை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

நம் நாட்டில் 2021ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு பிசியோதெரபி உள்ளிட்ட துறைகளுக்குத் தேசிய ஆணையமும் பதிவேடும் சீரான பாடத்திட்டமும் என்று வேலைகள் நடக்கின்றன. நல்லது. அதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நம் கையில் இருப்பதைப் பேசுவோம்.

பெற்றோர்களே, உங்களிடம் கொஞ்சம் கண்டிப்பாகவே பேச வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு தேர்வு முடிவுக்குப் பிறகும் நாலைந்து பேர் அலுவலகத்துக்கு வருகிறீர்கள். "தியரியில் எல்லாம் பாஸ். பிராக்டிகலில் வேண்டுமென்றே பெயில் போட்டுவிட்டார்கள். கல்லூரியில் உங்களுக்குத் தெரிந்தவர்கள் இருப்பார்களே, ஒரு வார்த்தை சொல்லுங்கள்." சில நேரம் உண்மையிலேயே அநியாயம் நடந்திருக்கலாம். அப்படியானால் மறுதேர்வுக்கு முறையாக விண்ணப்பிக்கத் துணை நிற்போம். ஆனால், பார்த்துப் போடச் சொல்லி இனி எங்கள் தரப்பிலிருந்து ஒரு வார்த்தையும் போகாது. முன்பு போயிருக்கிறது. ஒப்புக்கொள்கிறோம்.

நீங்கள் அப்படி ஓடி வருவதற்கு எங்கள் விதியும் ஒரு காரணம். ஒரு பாடத்தில் தவறினாலும் அந்த ஆண்டு உதவித்தொகை நிற்கும் என்று எழுதி வைத்தது நாங்கள். அந்தப் பயத்தில், "இந்த டெக்னிக் எனக்குக் கை வரவில்லை மேடம்" என்று ஆசிரியரிடம் எந்தப் பிள்ளை சொல்லும்? நிர்வாகக் குழுவில் இரண்டு கூட்டம் விவாதித்தோம். எதிர்ப்பும் இருந்தது. ஸகாத்தும் ஸதகாவும் கொடுப்பவர்களின் பணம், தோற்றவருக்கு ஏன் கொடுக்க வேண்டும் என்று ஒரு பெரியவர் கேட்டார். அவர் கேட்டது சரியே. ஆனாலும் முடிவு இப்படி ஆயிற்று: பிராக்டிகலில் தவறினால் உதவித்தொகை நிற்காது. மறுதேர்வுக் கட்டணமும் ஒருமுறை நாங்களே கட்டுவோம். அதற்குப் பதிலாக, என்ன தவறியது என்று ஆசிரியரிடம் எழுதி வாங்கி வர வேண்டும். "பெயில்" என்ற ஒரு சொல் போதாது. எந்த வேலை, எந்த இடத்தில் கை தவறியது என்று வேண்டும்.

இரண்டாவது, ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சி. நம் கூடத்தில் ஆறு கட்டில் போட்டு, ஆறு நிலையம். வெளியூரிலிருந்து இரண்டு பிசியோதெரபி ஆசிரியர்கள் வரச் சம்மதித்திருக்கிறார்கள். பயணச் செலவு மட்டும் வாங்குகிறார்கள். நோயாளியாக இருக்க நம் ஊர்ப் பெரியவர்கள் வேண்டும். நடிக்கத் தெரிய வேண்டியதில்லை. சொல்லிக் கொடுக்கும் கதையைச் சொன்னால் போதும், கேட்காததைச் சொல்லாமல் இருந்தால் போதும். (இரண்டாவதுதான் நமக்குக் கஷ்டம்.) யாருக்கும் சிகிச்சை எதுவும் கொடுக்கப்பட மாட்டாது, சூடும் கரண்டும் கிடையாது. பெண்களுக்குத் தனிக் கூடம், மாணவிகள் மட்டும். இதுவரை ஒன்பது பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அந்த மூதாட்டியின் மகன் மூன்றாவதாகக் கொடுத்தார். "எங்க உம்மாவும் வருவாங்க, ஆனா கால்ல கை வைக்கக் கூடாது" என்று சொல்லியிருக்கிறார்.

அந்த மாணவியைப் பற்றிப் பலர் கேட்கிறீர்கள். பயிற்சிக்காலத்தை முடித்துவிட்டார். இந்த ஞாயிறுகளில் முதல் நிலையத்தைப் பார்த்துக்கொள்ள அவரே முன்வந்திருக்கிறார். சூடு, குளிர்ச்சி பரிசோதனை நிலையம் அது.

பயிற்சி அடுத்த மாத முதல் ஞாயிறு அஸருக்குப் பின் தொடங்கும். மாணவர்கள் கோனியோமீட்டர் கொண்டு வர வேண்டும்; இல்லாதவர்களுக்கு அலுவலகத்தில் நான்கு இருக்கிறது. சோதனைக் குழாய் ஒரு பெட்டி வாங்கியாயிற்று. பெரியவர்கள் பெயர் கொடுக்க வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் அலுவலகத்துக்கு வரலாம். மாடிப்படி ஏற முடியாதவர்கள் கீழே காவலரிடம் சொன்னால் நாங்கள் இறங்கி வந்து எழுதிக்கொள்கிறோம்.